பாப்பா கேட்ட எட்டு எம்எம் போல்ட்

போல்ட் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் விரலை நீட்டிக்கொண்டுதான் வருவார்கள். "இந்தக் கனத்துல நாலு போல்ட் குடுங்க" என்று ஒருவர் சுண்டுவிரலைக் கவுன்டர் மேல் வைப்பார். "விரலை இங்கேயே விட்டுட்டுப் போங்க, அளந்து பார்த்து எடுத்து வைக்கிறேன்" என்பாள் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் சைஸக்கா. சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது. புதிதாக வந்தவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொள்வார். பழைய ஆட்கள் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

மீதிப் பாதிப்பேர் நீளத்தை அளந்துகொண்டு வருவார்கள். அதுவும் தலையோடு சேர்த்து அளந்திருப்பார்கள். "மனுஷனைத்தான் தலையோட அளக்கணும், போல்ட்டைக் கழுத்துலேருந்து அளங்க" என்று அவள் எத்தனை வருஷமாகச் சொல்கிறாளோ, அத்தனை வருஷமாக யாரும் கேட்பதில்லை. பலகைக்குள் தலை அமுங்கி உட்காரும் ரகத்துக்கு மட்டும் தலையும் கணக்கில் சேரும். அதைச் சொல்லப்போனால் வந்தவர் குழம்பிவிடுவார் என்பதால், அந்த ரகம் கேட்டு யாராவது வரும்வரை அதைத் தன்னோடு வைத்துக்கொள்வாள்.

கடை நீளமானது, ஒல்லியானது. இரண்டு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை தகரப் பெட்டிகள். கடைசியில் ஒரு மின்விசிறிக்குக் கீழே முதலாளி உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கடையில் இரண்டே வேலைதான். காலையில் ஷட்டரைத் தூக்குவது ஒன்று. யாராவது எதையாவது கேட்டால் "அவங்ககிட்ட கேளுங்க" என்று கைகாட்டுவது இன்னொன்று.

உலகமே பளபளப்பைப் பார்த்துத்தான் போல்ட் வாங்குகிறது என்பது சைஸக்காவின் தீராத எரிச்சல். வெள்ளிபோல் மினுக்கும் துத்தநாக முலாம் வீட்டுக்குள் இருக்கிறவரை அழகு. வெளியே ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டால் அது பழுத்துப் பல்லைக் காட்டும். வெயிலுக்கும் மழைக்கும் என்றால் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று கிடக்குமே, அந்த கால்வனைஸ் போல்ட்தான். அதைப் பார்த்ததும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். எப்படியாவது பேசி அதைத் தலையில் கட்டினால், நட்டை மட்டும் வேறு கடையில் மலிவாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த முலாமுக்குத் தோல் தடிமன், மரையை அகலமாக வெட்டிய நட்டுதான் ஏறும். ஏறாத நட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, மறுநாள் காலை கையில் கட்டோடு வந்து நிற்பார்கள்.

ஆகவே அவளிடம் வரிசையாகக் கேள்விகள் உண்டு. "எங்க போடப் போறீங்க? உள்ளேயா வெளியேயா? தண்ணி படுமா? ஆடுற இடமா, சும்மா நிக்கிற இடமா?" இதற்கெல்லாம் பதில் வராமல் அவள் கை பெட்டிக்குள் போகாது. ஒரு ஆள் கடுப்பாகி, "ஏம்மா, போல்ட் வாங்க வந்தேனா, ஜாதகம் பார்க்க வந்தேனா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் பொருத்தம் முக்கியம்தானே" என்றாள்.

இவ்வளவு கேட்டாலும் கடைசியில் அவள் கொடுப்பது, கேட்டதைவிட ஒரு சைஸ் கூடத்தான். எட்டு போதும் என்றால் பத்து. பத்து என்றால், "எதுக்கும் பன்னிரண்டா போட்டுடுங்க, துளையைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாம்." சைஸக்கா என்ற பெயரே அப்படி வந்ததுதான். அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் கிடையாது. எதுவும் கழன்று விழக் கூடாது, எதுவும் யார் தலையிலும் சரியக் கூடாது, அவ்வளவுதான் அவள் ஆசை. வீட்டிலும் அப்படித்தான். கணவருக்கு எடுக்கும் சட்டை ஒரு சைஸ் பெரிது. சமையல் எப்போதும் இரண்டு ஆள் கூடுதலாக. சமையலறை அலமாரியை அவள் சுவரில் மாட்டிய விதத்தைப் பார்த்து, "சுவர் விழுந்தாலும் இது நிக்கும்" என்றார் கணவர். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் சத்தத்தைக் கேட்பதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

அந்தக் கணவருக்கு ஒரு தங்கை. வீட்டில் கடைக்குட்டி என்பதால் பாப்பா என்று கூப்பிட்டுப் பழகி, நாற்பதைத் தாண்டியும் பாப்பாதான். ஐஸ் ஃபேக்டரி வைத்து, லாரிக்காரர்களை ஒரே அதட்டலில் வரிசையில் நிற்க வைக்கிற பாப்பா. சைஸக்காவும் அவளும் ஒரு காலத்தில் ஒருவர் இல்லாமல் ஒருவர் கடைத்தெருவுக்குக்கூடப் போகமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாக இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நின்றதற்குக் காரணமும் போல்ட்தான்.

ஃபேக்டரி திறப்பு நாள். பந்தல், நாற்காலி, விருந்தாளிகள், எல்லாம் ஜோர். வாசலில் புதுப் பெயர்ப் பலகை. சைஸக்கா அண்ணாந்து பார்த்தாள். பலகையைத் தாங்கிய சட்டத்தில் துத்தநாக முலாம் போல்ட். வெளியே, மழை படும் இடத்தில், ஆறு எம்எம்! அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு ஓடினாள், பத்து எம்எம் கால்வனைஸ் எடுத்து வந்தாள், நல்ல புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள். விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"அண்ணி, கீழே இறங்குங்க. என் போர்டுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்றாள் பாப்பா.

"அது உன் தலையில விழுந்தப்புறம் தெரியும்" என்றாள் சைஸக்கா ஏணியிலிருந்து.

நல்ல நாளும் அதுவுமாக, கூடியிருந்த அத்தனை பேர் முன்னால் வந்து விழுந்த வார்த்தை. பாப்பா திரும்பி உள்ளே போய்விட்டாள். அவள் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். இவள் வரட்டும் என்று அவள் இருந்தாள். நடுவில் மாட்டிக்கொண்ட கணவர் இரண்டு வீட்டிலும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார். சைஸக்காவுக்கு உள்ளூர அரிக்காமல் இல்லை. ஆனாலும் நல்லதுக்குத்தானே செய்தோம், இதில் போய் மன்னிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வீம்பாகவே இருந்துவிட்டாள்.

அப்படி இருக்கும்போது ஒரு மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம், கவுன்டரில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பாப்பா.

"அண்ணி" என்றாள்.

"வா" என்றாள் சைஸக்கா. நாள் முழுக்க ஊரைக் கேள்வி கேட்கிற வாய்க்கு அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

பாப்பா கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே இரண்டு துண்டாக உடைந்த எட்டு எம்எம் போல்ட் ஒன்று, துருவேறிக் கிடந்தது. "இதே மாதிரி கொஞ்சம் வேணும். அதே மாதிரி. மிஷினுக்கு. அடிக்கடி உடையுது அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஏதோ கேட்பாள் என்பதுபோல் அங்கேயே நின்றாள்.

சைஸக்காவின் நாக்கு நுனியில் அத்தனை கேள்வியும் வரிசைகட்டி நின்றன. எந்த மிஷின்? எந்த இடம்? உடைவதை யார் பார்த்தார்கள்? ஒன்று கேட்டாலும் போதும், 'ஆரம்பிச்சுட்டாங்க' என்று திரும்பிப் போய்விடுவாள் என்று பயந்தாள். இத்தனை காலம் கழித்து வாசல்படி ஏறியிருக்கிறாள், கெடுத்துக்கொள்ளக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுமே கேட்காமல் உள்ளே போனாள்.

அங்கே, தகரப் பெட்டிகளின் இடுக்கில், துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெத்தென்ற சாதா இரும்பு. பேருக்கு ஒரு முலாம். ஐஸ் ஃபேக்டரியில் எந்நேரமும் ஈரம், உப்புத்தண்ணீர். இந்த லட்சணத்தில் போல்ட் போட்டால் உடையாமல் என்ன செய்யும்! எந்தப் படுபாவி இதை மிஷினில் மாட்டினானோ என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. துளை எட்டுக்குத்தான், சைஸைக் கூட்ட வழியில்லை. அதனால் ரகத்தைக் கூட்டினாள். துருவே அண்டாத, வலுவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கான ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஒரு கை அள்ளினாள். சாதா போல்ட்டின் விலையைத்தான் சொன்னாள்.

பாப்பா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "பளபளன்னு இருக்கே அண்ணி?"

"புதுசு அப்படித்தான் இருக்கும்."

வாயைக் கட்டியவள் கையைக் கட்ட மறந்துவிட்டாள். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பாப்பா, "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டதும், "உங்க அண்ணனுக்கென்ன, பஸ்ஸுல முழிச்சிருக்கார், வீட்டுல தூங்கறார்" என்று இவள் சொன்னதும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததும்தான் அவள் மனதில் நின்றன. அன்று கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அந்தக் கூடுதல் சமையலில் பாதியை ஒரே ஆளாகக் காலி செய்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சைஸக்கா மிதந்துகொண்டிருந்தாள். விரல் நீட்டியவர்களைக்கூடக் கிண்டல் செய்யவில்லை. 'அண்ணி, நீங்க குடுத்ததுல ஒண்ணுகூட உடையலை' என்று பாப்பா வந்து சொல்வதை மனதுக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டாள். அதற்குத் தான் என்ன சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தாள்.

போன் வந்தது கணவரிடமிருந்து. "பாப்பா ஃபேக்டரியில ஐஸ் உடைக்கிற மிஷின் நொறுங்கிப்போச்சாம். வாசல்ல வண்டிங்க வரிசையா நிக்குதாம். எனக்கு அடுத்த டிரிப் இருக்கு. நீ போய்ப் பாரேன், உன் லைன்தானே."

அவள் ஒரு ஸ்பானர் செட்டையும் தூக்கிக்கொண்டு பறந்தாள். அந்த வாசலை மிதித்து எவ்வளவு காலம்! உள்ளே குளிர் காலில் ஏறியது. ஈரத் தரை, மூக்கில் ஏறும் அமோனியா நெடி, மரமூடி போட்ட நீண்ட தொட்டி. ஓரத்தில் பாளம் பாளமாக ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. வாசலில் மீன் வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பாப்பா இடுப்பில் கைவைத்து மிஷின் பக்கத்தில் நின்றாள். மிஷினுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கியர் சக்கரத்தின் பற்கள், கைநிறைய.

"ஐஸைத் தள்ளுற இரும்புக் கொக்கி உள்ளே விழுந்திருக்கு" என்றார். "அது எல்லா ஃபேக்டரியிலயும் விழுறதுதான். விழுந்தா இந்த இடத்துல இருக்கிற ஒரு போல்ட் படக்குன்னு உடையணும். சக்கரம் நின்னுடும். கொக்கியை எடுத்துட்டு வேற போல்ட் போட்டா வேலை முடிஞ்சது. உடையறதுக்குன்னே வெக்கிற போல்ட் அது. இங்க பாருங்க, எவனோ ஸ்டெயின்லெஸ்ஸைப் போட்டிருக்கான். போல்ட் கல்லு மாதிரி நிக்குது, கியர் போயிடுச்சு."

உடையும் போல்ட் என்றால் என்னவென்று சைஸக்காவுக்குத் தெரியாதா? கல் அரைக்கிறவர்களுக்கும் வயல் கலப்பைக்காரர்களுக்கும் அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அதுவும் "கூடுதல் வலுவாப் போட்டுடாதீங்க, மிஷின் போயிடும்" என்று எச்சரித்து. எங்கே போடப்போகிறாய் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"மிஷின் வித்தவன்தான் மாத்தி அனுப்பியிருப்பான்" என்றார் மெக்கானிக், கையைத் துடைத்தபடி. "விடாதீங்க. போன் போட்டு நாலு வாங்கு வாங்குங்க. புது கியரை அவன் தலையிலயே கட்டிடலாம்."

பாப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பரை அழுத்தாமல் நின்றாள்.

பாப்பாவே கடைப் பெயரை எடுக்காதபோது, தானும் சும்மா இருந்தால் போதும் என்று சைஸக்காவுக்குத் தெரிந்தது. மிஷின் கம்பெனிக்காரன் எங்கோ இருக்கிறான், முகம் தெரியாதவன். இப்போதுதான் ஒட்டிய உறவு. வாயைத் திறந்தால் இன்றோடு அது முடிந்தது, இனி ஒரு போல்ட்டும் இங்கே வந்து ஒட்டவைக்காது. ஆனாலும் முகம் தெரியாதவன் மேல் பழி போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"போன் பண்ணாதே" என்றாள். "நான்தான் குடுத்தேன். நீ அதே மாதிரின்னு கேட்டே. நான் வேணும்னே மாத்திக் குடுத்தேன்."

மெக்கானிக், குடும்ப விவகாரம் என்று மோப்பம் பிடித்தவராக, மறுபடி மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"வலுவா இருக்கட்டுமேன்னு..."

"நான் கேட்டேனே அண்ணி!" பாப்பாவின் குரல் உயர்ந்தது. "பளபளன்னு இருக்கேன்னு கேட்டேனே! புதுசு அப்படித்தான்னு சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னேன், அதே மாதிரின்னு. நீங்க எப்பத்தான் ஒருத்தர் சொல்றதைக் காதுல வாங்கப்போறீங்க? ஊர்ல போறவன் வர்றவனையெல்லாம் நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறீங்க. எனக்கு மட்டும் ஒரு கேள்விகூடக் கிடையாதா?"

"கேட்டா கோவிச்சுப்பேன்னு பயந்தேன்."

"நல்லா பயந்தீங்க போங்க."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள் சைஸக்கா. இனி செய்வதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். "கியருக்கு நான் பொறுப்பு. இப்ப கடைக்கு ஓடிப்போய், நீ கேட்டியே அந்தச் சாதா போல்ட், அதே மாதிரி, அதேதான், எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஸ்பானர் பையைத் தூக்கினாள்.

"எதுக்கும்மா அலையறீங்க?" மிஷின் ஓட்டுகிற ஆள் அதுவரை ஐஸ் பாளங்களின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். "அதான் இங்க கிடக்கே" என்று சொல்லி, சுவரோரத் தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து தரையில் வைத்தார். மூடியைத் திறந்தார். எண்ணெய்த்தாளுக்குள் சாதா எட்டு எம்எம் போல்ட், விளிம்புவரை. "மிஷினோடயே வந்தது. ஆயுசுக்கும் தாங்கும். அம்மாதான், இதைத் தொடாதீங்க, எங்க அண்ணி கடையில வாங்கினது இருக்கு, அதையே போடுங்கன்னு சொன்னாங்க."

பாப்பா அந்த ஆளைப் பார்த்த பார்வையில் மீதமிருந்த ஐஸ் உருகியிருக்கும். அவர் ஒன்றும் புரியாமல் சாக்கைத் தேடிப் போனார்.

சைஸக்கா குனிந்து ஒரு போல்ட்டை எடுத்தாள். விரலில் உருட்டிப் பார்த்தாள். அதே நீளம், அதே மரை, அதே முலாம். அன்று கைக்குட்டையில் வந்ததன் கூடப்பிறந்தவை அத்தனையும்.

"இவ்வளவு வெச்சுக்கிட்டா என் கடைக்கு வந்தே?"

லாரிக்காரர்களை அதட்டும் குரல் எங்கே போனதோ, பாப்பா சின்னப் பெண் மாதிரி ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்ன என்னத்தைச் சொல்லிட்டு வர்றது?" என்றாள் கடைசியில். "சும்மா வந்தா நீங்க பேசுவீங்களோ மாட்டீங்களோ. போல்ட்டுன்னா பேசிடுவீங்கன்னு தெரியும்."

சைஸக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. குளிரில் மூக்கும் சேர்ந்துகொண்டது. இத்தனை காலத்தில் இங்கே வர ஒரு சாக்கு தேட வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைக்க, வெட்கமாக இருந்தது. வாசலில் மீன்காரர்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாப்பாவின் கையைப் பிடித்தாள்.

"நாளைக்குக் கடைக்கு வா" என்றாள். "ஒண்ணும் வாங்க வேணாம். சும்மா வா."